நீக்கப்பட்ட மூன்று வயல்கள்

1996 ஜூன் முதல் வாரத்தில் நடவுக்கு வேண்டிய மரவள்ளிக் கரணைக் குச்சிகள் போதாமல் போனபோது, மிச்சத்தை எங்கிருந்து வெட்டிக்கொண்டு வந்தார்கள் என்பது மூன்றே பேருக்குத்தான் தெரியும். வெட்டச் சொன்னவர் விஞ்ஞானி சீனிவாசராகவன். ஜீப்பில் ஏற்றிப் போனவர் டிரைவர் கணேசமூர்த்தி. எந்தக் கட்டு எந்த வயலுக்குப் போனது என்று நோட்டில் எழுதி வைத்தவள் கள உதவியாளர் பெர்னதெத். பின்னால் முதலாமவர் மறந்துபோனார். இரண்டாமவர் மறந்துவிட்டதாகச் சொன்னார். பெர்னதெத்தால் மறக்க முடியவில்லை.

பெர்னதெத் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கறிக்கடையில் தக்கணி உருது, கான்வென்ட்டில் இங்கிலீஷ் என்று நாலும் அவளுக்குத் தானாக வந்தன. தாவரவியலில் பட்டம் வாங்கிய கையோடு, நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருந்த ஒரு கிழங்குப் பயிர் ஆராய்ச்சி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கணவன் சவரிநாதன் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டினான். மையத்தின் விஞ்ஞானிகளுக்குச் செடியோடு பேசத் தெரியும், விவசாயியோடு பேச வராது. அதற்கு ஒரு வாய் தேவைப்பட்டது. இப்படித்தான் பெர்னதெத் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வயல்வெளிக்கு வந்து சேர்ந்தாள். எட்டு வருஷமாக அந்த வேலையை அவள் ஆசையோடுதான் செய்தாள்.

அந்த வருஷத்து வேலை, இரண்டு புதிய மரவள்ளி ரகங்களை விவசாயிகளின் சொந்த நிலத்தில் நட்டுப் பார்ப்பது. மையத்துத் தோட்டத்தில் இரண்டும் அமோகமாக விளைந்திருந்தன. அங்கே விளைந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. போர்வெல் இருந்தது, வேலி இருந்தது, களை எடுக்க முப்பது ஆட்கள் இருந்தார்கள். மழையை நம்பிக் கிடக்கும் செம்மண் காட்டில் விளையுமா என்பதுதான் கேள்வி. ஹொஸகோட்டைப் பக்கம் எட்டு விவசாயிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு வயலிலும் மூன்று பட்டைகள். ஒன்றில் மூன்றாம் எண் ரகம், இன்னொன்றில் ஏழாம் எண், மற்றொன்றில் அவர்கள் காலகாலமாகப் போடும் நாட்டுக் குச்சிக்கிழங்கு. ஒவ்வொரு பட்டையிலும் பாதியைப் பழைய வழக்கப்படியும் மீதியைப் புது முறைப்படியும் வளர்க்க வேண்டும். மண்ணை அணைத்துப் பார் பிடித்து, மூன்றடி இடைவெளி விட்டு நட வேண்டும். செடிக்கு இரண்டு கிளை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ள வேண்டும். நடுவே காராமணி விதைக்க வேண்டும்.

ஐந்து வயலுக்கு நல்ல கரணை கிடைத்தது. ஏழாம் எண் ரகத்தில் மூன்று வயலுக்குப் பற்றவில்லை.

"நம்ம தோட்டத்துப் பழைய பிளாக்ல ஏழாம் நம்பர் நிக்கறதே, அதை வெட்டிடுங்கோ" என்றார் சீனிவாசராகவன்.

"சார், அதுல இலையெல்லாம் மஞ்சள் திட்டு. சுருங்கிப்போய் இருக்கு."

"ஜிங்க் பத்தாக்குறை. ஒரு ஸ்ப்ரே அடிச்சா சரியாப் போயிடும். மழை ஆரம்பிச்சாச்சு பெர்னதெத். நடவு தள்ளிப்போனா ஒரு வருஷம் போச்சு."

பெர்னதெத் அதற்குமேல் பேசவில்லை. பழைய பிளாக்கில் வெட்டிய கட்டுகளில் சிவப்புத் துணி கட்டினாள். எந்தெந்த மூன்று வயலுக்குப் போயிற்று என்று நோட்டில் குறித்துக்கொண்டாள். அன்றைக்கே சத்தம் போட்டிருக்க வேண்டும் என்று பிற்பாடு சவரிநாதனிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அன்றைக்குப் போடவில்லை.

அந்த மூன்று வயல்களில் ஒன்று சிக்கபைரனஹள்ளி காந்தம்மாவுடையது. ஐம்பது வயது இருக்கும். புருஷன் விடிவதற்கு முன்பே பூமூட்டையோடு சிட்டி மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். நிலம் முழுக்கக் காந்தம்மா கையில்தான். அவர் வீட்டில் பேசுவது கன்னடம் ஊறிய ஒரு தமிழ். பெர்னதெத் தமிழ் பேசுபவள் என்று தெரிந்ததும் அதிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். மூன்றடி இடைவெளி என்று சொன்னதும், தாம்புக் கயிற்றில் மூன்றடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, அதைப் பார் மேல் இழுத்துக் கட்டித்தான் நட்டார். மற்ற ஏழு வயல்களில் இடைவெளி அங்கங்கே கோணிக்கொண்டு போயிருந்தது. காந்தம்மா வயலில் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் வரிசை நேராக நின்றது. பெர்னதெத் அதையும் நோட்டில் எழுதினாள்.

மூன்றாவது வாரம் துளிர் வந்தது. ஏழாம் எண் பட்டையில் முதல் இலையே வெளிர்மஞ்சள் தேமலோடு, ஒரு பக்கம் கோணிக்கொண்டு வந்தது.

"என்னா மேடம், பொறக்கறப்பவே ரோகத்தோட பொறக்குது?" என்று கேட்டார் காந்தம்மா.

அந்தக் கேள்வியிலேயே விஷயம் எல்லாம் இருந்தது. மரவள்ளித் தேமல் நோய் இரண்டு வழியில் வரும். வெள்ளை ஈ கொண்டுவந்தால், அடி இலைகள் சுத்தமாக இருக்கும், பிறகு வருகிற மேல் இலைகளில்தான் தேமல் தெரியும். முதல் இலையிலேயே தெரிந்தால் நோய் கரணைக்குள்ளேயே உட்கார்ந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். இதைப் படிக்காத காந்தம்மா கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டார். படித்த பெர்னதெத் தேதி போட்டு எழுதிக்கொண்டாள். நூற்றியெட்டுச் செடியில் எழுபத்தியொன்று.

"பிடுங்கிப் போட்டுடட்டா? பக்கத்துப் பட்டைக்கு ஏறிடும்."

"கேட்டுட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் தொடாதீங்க."

கேட்டாள். சீனிவாசராகவன் தலையைத் தூக்கவே இல்லை. "ட்ரையலைக் கெடுத்துடாதீங்கோ. பிளாட்ல செடி எண்ணிக்கை குறையக்கூடாது. அப்படியே விடச் சொல்லுங்கோ."

பெர்னதெத் மறுபடி ஜீப்பில் போய், "பிடுங்க வேண்டாமாம்" என்று சொன்னாள். காந்தம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். "ஆபீஸ்ல சொன்னா சரி" என்று சொல்லிவிட்டுக் களை எடுக்கப் போய்விட்டார்.

செப்டம்பரில் வெள்ளை ஈ பெருகியது. அக்டோபருக்குள் பக்கத்துப் பட்டையில் இருந்த நாட்டுக் கிழங்கின் மேல் இலைகள் எல்லாம் தேமல். அடி இலைகள் பச்சைப்பசேல் என்று இருந்தன. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று அந்த வயலே வரைந்து காட்டியது. மற்ற இரண்டு வயல்களிலும் இதே கதை.

மார்ச்சில் அறுவடை. காந்தம்மா வயலில் ஏழாம் எண் பட்டையைப் பிடுங்கினால் விரல் தடிமனுக்கு வேர் வந்தது. நாட்டுக் கிழங்கு வழக்கமாக விளைவதில் கால் பங்குகூட இல்லை. அந்தக் கிழங்குக்குச் சந்தையில் நல்ல பெயர் இருந்தது. வேகவைத்தால் மாவாக உதிரும். சிவாஜிநகரில் சிப்ஸ் போடுகிறவர்கள் வேறு கிழங்கைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், இதைத்தான் கேட்டு வாங்குவார்கள். இப்போது அடுத்த போகத்துக்கு நடக்கூட நோயில்லாத ஒரு குச்சி இல்லை. மையம் கொடுத்த படிவத்தில் இருபத்திரண்டு கட்டங்கள் இருந்தன. விவசாயியின் சொந்த விதை அழிந்ததா என்று கேட்க அதில் ஒரு கட்டமும் இல்லை. பெர்னதெத் அதை ஓரத்தில் எழுதினாள்.

ஏப்ரல் கடைசியில் அறிக்கை டைப் ஆகி வந்தது. சரிபார்க்கச் சொல்லி அவள் மேஜையில் வைத்தார்கள். ஏழாவது பக்கத்தில் அந்த வாக்கியம் இருந்தது. 'எட்டு வயல்களில் மூன்று, பரிந்துரைத்த வளர்ப்பு முறைகளை விவசாயிகள் அலட்சியம் செய்ததால் ஆய்விலிருந்து நீக்கப்படுகின்றன.' பின்னிணைப்பில் மூன்று பேருடைய பெயரும் ஊரும். முதல் பெயர் காந்தம்மா. மீதி ஐந்து வயல்களின் சராசரியைப் போட்டு, ஏழாம் எண் நாட்டு ரகத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விளைகிறது என்று முடித்திருந்தது.

பெர்னதெத் நோட்டையும் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குப் போனாள்.

"சார், மூணு வயலுக்கும் போனது பழைய பிளாக் கரணை. நீங்கதான் வெட்டச் சொன்னீங்க."

"ஞாபகம் இல்லை."

"எனக்கு எழுதி இருக்கு. தேதி, கட்டு, சிவப்புத் துணி, முதல் இலை எண்ணிக்கை எல்லாம் இருக்கு. காந்தம்மா கயிறு கட்டி நட்டவங்க. அலட்சியம்னு எப்படி சார் எழுதலாம்?"

சீனிவாசராகவன் கெட்டவர் அல்ல. ஆறு வருஷம் அந்த ரகத்தோடு மல்லுக்கட்டியவர். ஜூனில், புது ரகத்துக்கு அனுமதி தரும் ரக வெளியீட்டுக் குழு கூடவிருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகத்தான் பேசினார்.

"காரணம் போடாம டேட்டாவை நீக்க முடியாது, பெர்னதெத். ஏதாவது ஒரு காரணம் போட்டாகணும். இதனால அவாளுக்கு என்ன நஷ்டம்? இங்கிலீஷ் ரிப்போர்ட்டை அவா படிக்கப்போறாளா?"

கெட்டவராக இருந்திருந்தால் பெர்னதெத்துக்கு இவ்வளவு பற்றிக்கொண்டு வந்திருக்காது. படிக்க மாட்டார்கள், ஆகவே என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்பதை, மழை வருமா என்று பேசுவதுபோல் பேசினார். இதில் இன்னொரு அநியாயமும் இருந்தது. மூன்றாம் எண் ரகம் எட்டு வயலிலும், நோய் பரவிய மூன்றில்கூட, நன்றாகவே விளைந்திருந்தது. அதை மட்டும் எழுதியிருந்தாலே மையத்துக்குக் கௌரவம்தான். பொய்க்குத் தேவையே இல்லாத இடத்தில் பொய் சொன்னார்கள்.

மே மாதம் மையத்தில் விவசாயிகள் தினம். பந்தல், ஷாமியானா, வாசலில் வாழைமரம். தோட்டத்தில் விளைந்த தொடைத் தடிமன் கிழங்குகளை ஏழாம் எண் அட்டையோடு மேஜையில் அடுக்கியிருந்தார்கள். ஹொஸகோட்டையிலிருந்து இரண்டு பஸ்ஸில் ஆட்களை அழைத்து வந்திருந்தார்கள். டெல்லியிலிருந்தும் விருந்தினர்கள் வந்திருந்ததால் சீனிவாசராகவன் இங்கிலீஷில் பேசுவார், பெர்னதெத் பக்கத்து மைக்கில் கன்னடத்தில் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் அவள் செய்கிற வேலைதான் அது.

கால் மணி நேரம் ஒழுங்காகப் போயிற்று. அவர் ஒரு வாக்கியம் சொல்வார், அவள் ஒன்று சொல்வாள். பிறகு அவர் பேச்சைப் புது முறைகளின் முக்கியத்துவத்துக்குத் திருப்பினார். "மூன்று விவசாயிகள் அலட்சியமாக இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இது மற்றவர்களுக்கு ஒரு பாடம்" என்று சொல்லி நிறுத்தி, அவளைப் பார்த்தார்.

காந்தம்மா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நல்ல புடவை கட்டிக்கொண்டு, மேடையில் தெரிந்த முகமான பெர்னதெத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பெர்னதெத்தின் நாக்கு நுனியில், அலட்சியத்துக்கு 'நிர்லக்ஷ்ய' என்ற கன்னடச் சொல் தயாராக நின்றது. அதை இந்த அம்மாளின் முகத்துக்கு நேராக, தன் வாயால் சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை. மைக்கில் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது.

"மேடம், கோ ஆன்" என்றார் சீனிவாசராகவன்.

பெர்னதெத் கன்னடத்தில் பேசினாள். "சார் இப்போது சொன்னதை நான் சொல்ல மாட்டேன். அது உண்மை இல்லை. அந்த மூன்று வயலுக்கும் போன ஏழாம் நம்பர் குச்சிகள் இங்கிருந்தே நோயோடு போனவை. முதல் இலையிலேயே நோய் தெரிந்தது. பிடுங்கிப் போடட்டுமா என்று அவர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்று மையம் சொன்னது. அந்தச் செய்தியைக் கொண்டுபோனது நான். அறிக்கையில் என்ன எழுதியிருந்தாலும், விவசாயிகள் மேல் எந்தத் தப்பும் இல்லை."

பந்தலில் சலசலப்பு எழுந்தது. விருந்தினர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. காந்தம்மா எழுந்து நின்றார். கைதட்டுவதற்காக அல்ல.

"குச்சி கட்டறப்பவே உங்களுக்குத் தெரியுமா மேடம்?" என்று தமிழில் கேட்டார்.

பெர்னதெத்தும் தமிழிலேயே சொன்னாள். "சந்தேகம் இருந்துச்சு."

"அப்போ ஏன் கொடுத்தீங்க?"

காந்தம்மா சீனிவாசராகவன் பக்கம் திரும்பினார். "என் பேரு உங்க புஸ்தகத்துல இருக்கா?"

அவர் கையிலிருந்த காகிதங்களை அடுக்கினார்.

"இருந்தா அடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு காந்தம்மா பந்தலை விட்டு வெளியே போய், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதற்கும் இறங்கவில்லை. மற்ற இரண்டு விவசாயிகளும் பின்னாலேயே போனார்கள்.

நாலாம் நாள் பெர்னதெத்துக்கு மெமோ வந்தது. மொழிபெயர்ப்பாளர் தன் எல்லையை மீறியதற்கு விளக்கம் வேண்டுமாம். அவள் நாலு பக்கம் எழுதி, நோட்டின் நகல்களை இணைத்து, ஒரு பிரதியை வெளியீட்டுக் குழுவுக்கும் அனுப்பினாள். விசாரணையில் டிரைவர் கணேசமூர்த்தியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நினைவில்லை என்றார். அன்று சாயந்திரம் ஜீப் ஷெட்டில் அவளைப் பார்த்து, "ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கும்மா" என்றார். அவள் கோபத்தில் விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

வெளியீட்டுக் குழுவில் வெளியூர் உறுப்பினர் ஒருவர் கள நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். முழுதாகப் படித்தார். ஏழாம் எண் வெளியாகவில்லை, மேலும் இரண்டு வருஷம் சோதிக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அவ்வளவில் நியாயம் நடந்தது. அறிக்கையும் திருத்தப்பட்டது. 'விவசாயிகள் அலட்சியம் செய்ததால்' என்பதை எடுத்துவிட்டு 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று போட்டார்கள். ஆனால் பின்னிணைப்பைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை. 'முறைகளைப் பின்பற்றாத விவசாயிகள்' என்ற தலைப்பின் கீழ் மூன்று பெயர்களும் அப்படியே நின்றன. பெர்னதெத்தைப் பண்டகசாலைக்கு மாற்றினார்கள். கோணிச் சாக்கு, பேப்பர் கட்டு, மண்வெட்டி எல்லாவற்றுக்கும் அவள் பொறுப்பு.

"வேலை போகலையே, விடு" என்றான் சவரிநாதன்.

"அந்தம்மா பேர் போயிருக்கு. எப்படி விடறது?"

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் பெர்னதெத் சிவாஜிநகரில் பஸ் ஏறிச் சிக்கபைரனஹள்ளிக்குப் போனாள். காந்தம்மா உட்காரச் சொல்லவில்லை.

"இப்போ எதுக்கு வந்தீங்க? எண்ணறதுக்கா?"

"பிடுங்கறதுக்கு."

அன்று முழுக்க இருவரும் வயலில் தானாக முளைத்திருந்த நோய்ச் செடிகளைப் பிடுங்கி எரித்தார்கள். மத்தியானத்துக்கு மேல்தான் காந்தம்மா வாய் திறந்தார். தன் நாத்தனார் ஊரில், மாலூருக்கு அந்தப் பக்கம், இதே நாட்டுக் கிழங்கு இருப்பதாகச் சொன்னார். அடுத்த வாரம் இருவரும் போனார்கள். அடி இலையிலிருந்து நுனி வரை ஒவ்வொரு செடியாகப் பார்த்து, தேமல் அறவே இல்லாத பதினாறு செடிகளில் மட்டும் குச்சி வெட்டிக்கொண்டு வந்தார்கள். மற்ற மரவள்ளி எதுவும் பக்கத்தில் இல்லாத ஒரு மூலையில், ராகிக் காட்டுக்கு நடுவே நட்டார்கள். காந்தம்மா வாரத்துக்கு இரண்டு தடவை சுற்றி வந்து, ஒரு இலை கோணினாலும் செடியோடு பிடுங்கினார். முதல் வருஷம் பாதிச் செடி போயிற்று. இரண்டாம் வருஷம் பத்தில் ஒன்று. 1999-இல் மற்ற இரண்டு விவசாயிகளுக்கும் கட்டுக் கட்டாகக் குச்சி கொடுத்தார், கூடவே மூன்றாம் எண்ணையும் கொடுத்தார். "நல்லதா இருந்தா எதுக்கு வேணாங்கறது?" என்பது அவர் கட்சி. பெர்னதெத்தை மன்னித்ததாக அவர் ஒருநாளும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வராவிட்டால் மட்டும், ஏன் வரவில்லை என்று கேட்பார்.

2001-இல் பண்டகசாலைக்கு ஐநூறு கையேடுகள் வந்து இறங்கின. நோயில்லாத கரணைகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கன்னடத்தில் அச்சடித்திருந்தார்கள். பெர்னதெத் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். அடியிலிருந்து நுனி வரை இலை பார்ப்பது, தள்ளி நடுவது, வாரம் இருமுறை பிடுங்குவது எல்லாம் அப்படியே இருந்தது. நடுப்பக்கத்தில் காந்தம்மா வயலின் போட்டோ. கீழே 'ஒரு முன்னோடி விவசாயியின் வயல்' என்று எழுதியிருந்தது. தொகுத்தவர் சீனிவாசராகவன். போட்டோ எடுக்க எப்போது வந்தார்கள் என்று காந்தம்மாவைக் கேட்டாள். போன வருஷம் யாரோ இரண்டு பேர் வந்து, கேள்வி கேட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்களாம்.

குற்றம் சொல்ல ஊர், பேர் எல்லாம் கிடைக்கும். புகழ வேண்டும் என்றால் மட்டும் 'ஒரு விவசாயி'. பெர்னதெத் மத்தியானம் அரை நாள் லீவு போட்டுச் சிவாஜிநகருக்குப் போய் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுத்தாள். 'இந்த முறையைச் செய்து காட்டியவர் காந்தம்மா, சிக்கபைரனஹள்ளி' என்று கன்னடத்தில். இரண்டு நாளில் ஐநூறு கையேட்டிலும் முதல் பக்கத்தில் குத்தி, தாலுகா தாலுகாவாக அனுப்பி வைத்தாள்.

ஒரு மாதம் கழித்துப் புதிதாக வந்திருந்த அதிகாரி கூப்பிட்டனுப்பினார். மேஜையில் ஒரு கையேடு கிடந்தது.

"யாரைக் கேட்டு இந்தப் பேரைப் போட்டீங்க?"

"அந்தப் பேரு நம்ம ரிப்போர்ட்ல ஏற்கெனவே இருக்கு சார். 1997, பின்னிணைப்பு. அங்கே போடறப்போ யாரும் யாரையும் கேட்கலை."

அவர் அறிக்கையை வரவழைத்துப் பார்த்தார். அவளைப் போகச் சொன்னார். இரண்டாவது மெமோ வரவில்லை. அடுத்த பதிப்பில் பெயரை அச்சிலேயே சேர்த்தார்கள், ஊர்ப் பெயரில் ஒரு எழுத்துப் பிழையோடு.

பின்னிணைப்பைத் திருத்தச் சொல்லி பெர்னதெத் மூன்று மனு கொடுத்தாள். மூன்றாவதற்கு 2004-இல் பதில் வந்தது. கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது என்று ஒரே வரி. அதைப் படித்த அன்றே நாலாவது மனுவை எழுதி, பதிவுத் தபாலில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.